முப்பது அங்குலம்

குழலை வெட்டிவிடு என்கிறான் மச்சான்.
கத்தாரிலிருந்து, இராச்சாப்பாட்டுக்குப் பிறகு,
மூன்று நிமிஷக் குரல்பதிவு.
வீட்டுக்குள்ளே எதற்கு முப்பது அங்குலம்,
மரப்பிடியைக் கழற்றி எறி,
கறுப்புப் பிளாஸ்டிக் பூட்டு, முனையில் டோர்ச் கட்டு.
படமும் வந்தது.
படத்தில் துவக்குப் பிடித்திருப்பவனுக்கு
முகமில்லை, கையுறை மட்டும்.

போன கிழமை பொரலந்தைச் சந்தியில்
ஜவ்பர் நானாவின் கடையை உடைத்தார்கள்.
போனது கிருமிநாசினி பதினாறு போத்தல்,
விதைக்கிழங்குக்கு வைத்திருந்த காசு,
ஒரு ரைஸ் குக்கர்.
அன்றிலிருந்து நாய் குரைத்தால்
பிலோமினா எழுந்து உட்காருகிறாள்.
நாய் எல்லாவற்றுக்கும் குரைக்கிறது.
பனிக்கும் குரைக்கிறது.

இது அப்பா விட்டுப்போன துவக்கில்லை.
பிரஜாவுரிமையே கொடுக்காதவர்கள்
அவருக்குத் துவக்கா கொடுத்திருப்பார்கள்.
பன்றிக்கென்று ஏழு தடவை கச்சேரியில் நின்று
நான் வாங்கியது.
முன்பு வைத்திருந்த தென்னக்கோன் மாத்தயாவின்
கன்னம் பட்டுப் பட்டுப்
பிடியில் ஒரு பள்ளம்.
நாலு வருஷத்தில் என் கன்னமும்
அங்கேதான் போய் உட்காருகிறது.

வருஷக் கடைசியில் புதுப்பிக்கப் போனால்
அந்த எழுதுவினைஞர் பெண் சத்தமாக வாசிப்பாள்:
ஒற்றைக்குழல். முப்பது அங்குலம்.
பயிர்ப் பாதுகாப்புக்கு.
பயிர் என்றுதான் இருக்கிறது.
நான் லீக்ஸ் இல்லை, கோவா இல்லை.

வெலிமடைக்குப் போனேன்,
துவக்கைக் கொண்டுபோகவில்லை, கேட்க மட்டும்.
வெல்டிங் பட்டறைக் குணதிலக்க பாஸ்
வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:
வெட்டுறதுக்குப் பத்து நிமிஷம்.
அதுக்குப் பிறகு அது துவக்கில்லை மல்லி, வழக்கு.

அன்றிரவு பிள்ளை தூங்கிய பின்
குழலை மடித்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன்,
வெறுமை, இன்னொரு தரமும் பார்த்தேன், வெறுமை.
குசினி வாசலில் உரமூட்டையை நிமிர்த்தி
என் குளிர்த்தொப்பியை அதற்கு மாட்டினேன்.
கள்ளன்.
கட்டிலிலிருந்து எழுந்து வந்தேன்.
முதல் திருப்பத்தில் குழல் காலண்டரைத் தட்டியது.
அடுத்ததில் மாதா படத்தின் விளக்கை.
மச்சான் சொன்னது சரிதான், இது நீளம்.
சுவரோரம் ஒதுங்கித்
தொப்பிக்கு நேரே பிடித்தேன்.

தொப்பிக்குப் பின்னால் பலகைத் தட்டி.
தட்டிக்குப் பின்னால் நிரோஜியின் கட்டில்,
தலைமாடு இந்தப் பக்கம்.

இடம் மாறி நின்றேன்.
இப்போது கருணாவதி அக்காவின் குசினிச் சுவர்,
மூன்றரைக்கே அடுப்பு மூட்டுகிறவள்.
மேசைக்கு அந்தப்புறம் போனேன்.
எங்கே நின்றாலும் இந்த வீட்டில்
அது யாரோ ஒருத்தரின் தலையணையில் போய் முடிகிறது.
குழலை வெட்டலாம்.
அந்தக் கோட்டை எந்த வாளால் வெட்ட?

பிலோமினா நிலையில் சாய்ந்து
எவ்வளவு நேரம் நின்றாளோ.
'உரமூட்டை செத்ததா?' என்றாள்.
தேத்தண்ணி வைத்தாள், இஞ்சி போட்டு.

அவளிடம் சொல்லவில்லை,
எண்பத்து மூன்றில் எங்கள் கதவை உடைத்தவர்களில்
ஒருவன் அப்பாவிடம் கடனுக்குப் பீடி வாங்கியவன்.
எனக்கு எட்டு வயது, கோப்பித் தூருக்குள் கிடந்தேன்.
அன்றைக்கு ஒரு துவக்கு இருந்திருந்தால்
என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன், பல இரவு.
நினைப்பில் எப்போதும் அப்பா குறிபார்க்கிறார்.
சுடுகிறாரா என்று
இதுவரை எனக்குத் தெரியவில்லை.

காலையில் இரண்டு இரும்புத் தாழ்ப்பாள் வாங்கினேன்,
வாசலுக்கு ஒரு பெரிய பல்ப்.
மச்சானுக்கு எழுதினேன்: பார்ப்போம்.
துவக்கு அலுமாரியில், பூட்டி.
தோட்டா வேறெங்கோ, அதுவும் பூட்டி.
தட்டிக்கு அந்தப் பக்கம்
நிரோஜியின் கட்டிலையும் திருப்பிப் போட்டேன்.
ஏனப்பா என்றாள். கூதல் என்றேன்.

நேற்று, விடிய முன்,
லீக்ஸ் பாத்திக்குள் ஏழெட்டுப் பன்றி.
முப்பது அங்குலத்தையும் தோளில் போட்டுக்கொண்டு
பனிக்குள் இறங்கினேன்.
ஒரே ஒரு வெடி, கொல்லையோர மண்மேட்டுக்கு.
ஓடின.

வீட்டுக்குள் பல்ப் எரிந்தது.
பிலோமினா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.